ரெண்டாள் கார்

சயின்ஸ் டீச்சர் யாரிடமும் வழி கேட்கமாட்டார். ஒருமுறை சுந்தரபாண்டியபுரத்தில் எங்கள் மாணவி ஒருத்தியின் அக்காவுக்குக் கல்யாணம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் வலப்பக்கம் பிரிந்த பாதையில் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார். நான் பின்னாலேயே ஓடினேன். எதிரே மாடு பத்திக்கொண்டு வந்தவர், வரப்பில் புல் அறுத்தவள், கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்த நாலு பேர் என்று கேட்பதற்கு ஆளா இல்லை? நான் வாயைத் திறக்கப் போனால், "பேசாம வாட்டி, நான் பாத்துக்கிடுதேன்" என்று அடக்கிவிடுவார். பாதை ஒரு குளக்கரையில் போய் நின்றது. வந்த வழியே திரும்பி, கல்யாண வீட்டைக் கண்டுபிடித்து நுழைந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கு அதில் வருத்தமே இல்லை.

"இப்ப வழி தெரிஞ்சு போச்சுல்லா? இனி மறக்காது" என்றார்.

ஐம்பதுகளின் நடுவில் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தையல் டீச்சராகச் சேர்ந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வீரகேரளம்புதூரிலிருந்து தினமும் வந்துபோக முடியாது என்பதால் தலைமையாசிரியை என்னைச் சயின்ஸ் டீச்சர் வீட்டில் தங்கச் சொன்னார். டீச்சருக்கு முப்பத்தைந்து இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. பெரிய வாசலும், ஒரு காலத்தில் வில்வண்டி நிறுத்திய கொட்டகையும் உள்ள ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். நான் பெட்டியோடு போய் நின்றதும், "மாடி சும்மாதான் கெடக்கு" என்றார். அவ்வளவுதான் வரவேற்பு.

அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம் என்பதைவிட, இரண்டு தனி ஆட்கள் இருந்தோம் என்று சொல்வதே சரி. அவர் சமையல் அவருக்கு, என் சமையல் எனக்கு. என்னிடம் ஒரு சுளை புளி வாங்கியதில்லை. நான் போய்ப் புளி கேட்டால் மட்டும் ஒரு உருண்டை பெரிதாகவே கொடுப்பார். ஒரு ஆடியில் அவருக்குக் கடுமையான காய்ச்சல். கீழே படுத்துக் கிடந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் நாள் காலையில் வாசல் தெளிக்காமல் இருந்ததைப் பார்த்துத்தான் கதவைத் தள்ளினேன். தண்ணீர்ச் செம்பு கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. உதடெல்லாம் வெடித்திருந்தது.

"ஒரு குரல் குடுக்கக் கூடாதா டீச்சர்? மாடியிலதான இருக்கேன்?"

"ஒனக்கு எதுக்குச் செரமம்?"

அந்தக் காய்ச்சல் தணிந்த நாளில் கஞ்சி குடித்துக்கொண்டே அவராகச் சொன்னார். அப்பா இறந்தபின் அச்சன்புதூரில் பெரியப்பா வீட்டில் வளர்ந்தாராம். தலைக்கு எண்ணெய் வேண்டுமென்றால் கேட்க வேண்டும். நோட்டு வேண்டுமென்றால் கேட்க வேண்டும். இரண்டாவது தடவை சோறு வேண்டுமென்றாலும் கேட்கத்தான் வேண்டும். "இல்லன்னு சொல்லமாட்டாவ. ஆனா ஒவ்வொரு தடவையும் கேக்க வச்சிருவாவ. கேட்டுக் கேட்டு வாய் கூசிப்போச்சு. சம்பளம் வாங்குன அன்னைக்கு முடிவு பண்ணிட்டேன்." கஞ்சிக் கிண்ணத்தை நான் வாங்குவதற்குள் தானே எழுந்து கழுவி வைத்தார்.

கார் வந்த கதை வகுப்பறையில் ஆரம்பித்தது. டீச்சர் கரும்பலகையில் எஞ்சின் படம் வரைந்தால் அச்சில் எடுத்ததுபோல இருக்கும். சிலிண்டர், உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டன், அதைத் தள்ளும் நெருப்பு என்று பத்து வருஷமாக அதே படம். ஒருநாள் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், நீங்க பிஸ்டனைப் பாத்திருக்கியளா?" என்று கேட்டுவிட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டீச்சர் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இல்ல" என்றார். அன்று மீதி வகுப்பு நடக்கவில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

அந்த வருஷச் சாரல் காலத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். ஐந்தருவிக்குப் போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரை விட்டுவிட்டுப் போன பங்களாவின் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். அங்கே அந்தக் கார் கிடந்தது. கூரை இல்லாத, தாழ்வான, நீண்ட மூக்குள்ள பந்தயக் கார். இரண்டே பேர்தான் உட்கார முடியும். ஓட்டுகிற இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சக்கரக் கம்பிகளில் பாகற்கொடி ஏறியிருந்தது. பேர் பொறித்த தகட்டை யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"இதை எடைக்குப் போடப் போறாவ" என்றார் காவல்காரர்.

டீச்சர் குனிந்து எஞ்சின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மழை விட்டும் அவர் நகரவில்லை. அடுத்த வாரம் இரண்டு மாடுகள் அந்தக் காரை இழுத்துக்கொண்டு தென்காசிக்குள் நுழைந்தன. டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து வந்தார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "ஏட்டி, டீச்சரம்மா சப்பரம் வருது பாரு!" என்று ஒருத்தி கத்தினாள். அன்றிலிருந்து தெருவில் அதற்கு ரெண்டாள் கார் என்று பெயர்.

பிறகு இரண்டரை வருஷம். பள்ளி விட்டு வந்ததும் ஒரு பழைய சேலையை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விடுவார். பழுது பார்ப்பதைப் பற்றி ஒரு ஆங்கிலப் புத்தகம் மெட்ராஸிலிருந்து தபாலில் வந்தது. பிரித்துப் பார்த்தால் அது ஏதோ ஆறு சிலிண்டர் லாரிக்கானது. இந்தக் காருக்கு நாலு. "நாலுக்கு ஆறு பெரிசுதான, இதுக்குள்ள எல்லாம் இருக்கும்" என்று அதையே வைத்துக்கொண்டார். பிஸ்டன் நாலும் துருவில் இறுகிக் கிடந்தன. மேலே உள்ள துளைகள் வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். தினமும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, காரின் முன்னால் செருகும் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவார். நாற்பது நாளாவது ஆகியிருக்கும். ஒரு மாலை அது ஒரு விரற்கடை அசைந்தது. மாடிக்குக் கேட்கிறமாதிரி, "அசைஞ்சிட்டு!" என்று கத்தினார். அந்த வீட்டில் அவர் சத்தம்போட்டு நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் தரையில் விரித்த வேட்டியில் வைத்து, பக்கத்தில் சாக்கட்டியால் எண் போடுவார். முதல் பிஸ்டன் வெளியே வந்ததும் அதைக் கழுவித் துடைத்து, முந்தானையில் சுற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோனார். கேள்வி கேட்ட பெண் அந்த வருஷம் பள்ளியை விட்டுப் போயிருந்தாள். டீச்சர் அதை மேசைமேல் வைத்தார். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

எங்கள் தெரு முனையில் லாரி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார் ஒரு ராவுத்தர். எல்லோரும் அவரை மெக்கானிக் பாய் என்போம். ஐம்பது வயது. எந்த எஞ்சினையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். தினமும் மாலைத் தொழுகை முடிந்து திரும்பும்போது எங்கள் வாசலில் ஒரு நிமிஷம் நிற்பார். கொட்டகையைப் பார்ப்பார். தலையை ஆட்டிக்கொள்வார். உள்ளே வரமாட்டார். டீச்சர் அவரைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளமாட்டார்.

ஒருநாள் நான் அவரிடம், "உள்ள வந்து சொல்லப்பிடாதா பாய்?" என்றேன்.

"அதெப்படித்தா? வீட்டுக்காரங்க கூப்பிடணும்லா? டீச்சரம்மா ஒரு சொல்லு கேட்டா, கையில உள்ள வேலையப் போட்டுட்டு வாரேன். கேக்காம நான் போயி அதத் தொட்டா, அவுக மனசு சங்கடப்படும்."

அது என்னவோ உண்மை. நான் தையல் டீச்சர். மாடியில் என் மிஷின் இருக்கிறது. இருக்கைகளுக்கு ரெக்ஸின் உறை தைக்கும் வேலை வந்தபோது, நான் தைத்துத் தருவதாக நாலு தடவை சொன்னேன். "நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, கோணி தைக்கும் ஊசியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் குத்தினார். விரலெல்லாம் புண். தையல் கோணல்மாணலாகப் போயிருந்தது. அதைப் பார்த்த அன்று எனக்குக் கோபமும் வந்தது, மாடிக்குப் போனபின் அழுகையும் வந்தது. என்னை வேண்டாம் என்கிறார் என்றுதான் அந்த வயதில் எனக்குத் தோன்றியது.

எல்லாவற்றையும் பூட்டி முடித்தபிறகும் எஞ்சின் ஓடவில்லை. கைப்பிடியைச் சுற்றினால் புகைக்குழாயில் படார் என்று வெடிக்கும். எதிர்வீட்டுக் கோழிகள் கூரைமேல் ஏறும். பல நாள் இப்படியே போனது. பாய்க்குப் பொறுக்கவில்லை. என்னைப் பட்டறை வாசலில் நிறுத்தி, "தாயி, நான் சொன்னேன்னு சொல்லிராதிய. நெருப்புக் குடுக்குற வயரு நாலையும் வரிசையா மாட்டியிருக்காவ. ஒன்னு, மூணு, நாலு, ரெண்டுன்னு மாட்டணும்" என்றார்.

நான் அன்று இரவு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கீழே இறங்கிப் போய், அதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். டீச்சர் சாப்பிடுவதை நிறுத்தினார். "யாரு சொன்னா?" நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் எழுந்து கை கழுவினார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சொன்னபடி வயரை மாற்றிப் போட்டிருந்தால் மறுநாளே ஓடியிருக்கும். அவர் அதைச் செய்யாமல் எஞ்சின் தலையை மறுபடி கழற்றினார். எந்த பிஸ்டன் எப்போது மேலே வருகிறது, எந்த வால்வு எப்போது திறக்கிறது என்று கைப்பிடியை அங்குலம் அங்குலமாகச் சுற்றிப் பார்த்து எழுதினார். பதினோரு நாள் ஆயிற்று. கடைசியில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து என் முன்னால் நீட்டினார். அதில் ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்று எழுதியிருந்தது.

"சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றார்.

மறுநாள் காலை எஞ்சின் ஓடியது. தெருவே அதிர்ந்தது. பாய் சாயா கிளாஸோடு ஓடிவந்து வாசலில் நின்றார். டீச்சர் முதல்தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தார். அவர் கிளாஸை உயர்த்திக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

ஓட்டுவதையும் தானாகத்தான் கற்றுக்கொண்டார். அறுவடை முடிந்த களத்தில் தினமும் விடியற்காலையில் வட்டம் போடுவார். திருநெல்வேலிக்குப் போய் லைசென்ஸும் வாங்கி வந்தார். பள்ளியில் இதைப் பற்றிப் பேச்சு இருக்கத்தான் செய்தது. நகக்கண்ணில் கறுப்பு மசியோடு வகுப்புக்கு வருகிறார் என்று தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொன்னார். டீச்சர் எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனார். மசி போகவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை கொட்டகையிலிருந்து காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, மாடியைப் பார்த்துச் சும்மா நின்றுகொண்டிருந்தார். நான் இறங்கி வந்தேன். அவர் இடப்பக்கக் கதவைத் திறந்து விட்டார். நான் ஏறிக்கொண்டேன்.

குற்றாலம் போகிற சாலை எனக்குப் பழக்கமானதுதான். ஆனால் அன்றுபோல் நான் அதைப் பார்த்ததில்லை. தரைக்கு அவ்வளவு பக்கத்தில், தலைக்குமேல் எதுவும் இல்லாமல், மலை நேராக நம் மேல் வந்துகொண்டிருக்கும். மேலகரத்தில் பிள்ளைகள் கூட ஓடிவந்தார்கள். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஆப்பிள் பழம் தின்றுகொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தபோது, "நீ வாரதுக்கு முந்தி இங்க ஒத்தையாத்தான் வந்திட்டிருந்தேன். ரெண்டு பேரா வந்தா வேற மாதிரிதான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த மாதிரி ஒரு பேச்சு வந்ததே இல்லை.

திரும்பும்போது இறக்கத்தில் ஒரு வளைவு. வளைவுக்கு அந்தப்பக்கம் ஆட்டுமந்தை சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. டீச்சர் பிரேக்கை மிதித்தார். கால் தரைவரை போனதை நான் பார்த்தேன். அவர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். கார் ஓடையைத் தாண்டி வயலுக்குள் இறங்கிச் சாய்ந்தது. நான் வரப்பில் விழுந்தேன். எழுந்திருக்கப் பார்த்தால் வலது கை என் சொல்லைக் கேட்கவில்லை. எலும்பு வளைந்திருந்தது.

அதன்பிறகு நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். டீச்சர் சேறு அப்பிய சேலையோடு சாலைக்கு ஓடினார். வந்த லாரியின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "ஐயா, கொஞ்சம் நிறுத்துங்கய்யா! பிள்ளைக்குக் கை ஒடிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். ஒங்களக் கும்பிடுதேன்" என்று கும்பிட்டார். லாரிக்காரரைக் கும்பிட்டார். ஆட்டுக்காரரிடம் துண்டு கேட்டார். பக்கத்துத் தோப்பில் வேலை செய்தவர்களிடம் என்னைத் தூக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினார். யாரிடமும் எதையும் கேட்காதவர் அந்தப் பத்து நிமிஷத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டார்.

காரை இழுத்துவரப் பாய் போனார். அடியில் படுத்துப் பார்த்தவர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். பிரேக் கம்பியைப் பிடித்திருக்கும் ஆணி கழன்று விழாமலிருக்க அதன் நுனித் துளையில் ஒரு சிறு பிளவூசியைக் கோத்து மடக்க வேண்டுமாம். டீச்சரிடம் அது இல்லை. அதற்குப் பதிலாகத் தலையில் குத்துகிற கொண்டையூசியைக் கோத்து வைத்திருந்தார். ஒருபக்கத்து ஊசி அப்படியே இருந்தது. இன்னொன்று விழுந்து, ஆணியும் கழன்றுவிட்டது.

பாய் உள்ளங்கையில் அந்த ஊசியை வைத்துக் காட்டினார். "டீச்சரம்மா, இதுக்குள்ளது பட்டறையில ஒரு டப்பா நெறைய கெடக்கு. கேட்டிருக்கலாம்லா?" அவர் குரலில் கோபம் இல்லை. டீச்சர் என் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

என் அப்பா வந்து என்னை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒடிந்த கையைச் சாக்காக வைத்து வேலையை விடச் சொன்னார்கள். கட்டுப் பிரிப்பதற்குள் மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார்கள். பெட்டியையும் மிஷினையும் எடுத்துப்போக நான் தென்காசிக்கு வந்த அன்று அப்பா வண்டிக்காரரோடு வாசலில் நின்றார். டீச்சர் மாடிக்கு வந்தார். என் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தார். வைத்துக்கொண்டே சொன்னார்:

"பாய்கிட்ட குடுத்து எல்லா ஆணியும் பாத்தாச்சு. அவரே ஓட்டியும் பாத்துட்டாரு. இப்ப பயம் ஒன்னுமில்ல."

"சரி டீச்சர்."

"போறதுக்கு முந்தி ஒரே ஒரு தடவ கூட வாரியா? குற்றாலம் வரைக்கும் வேண்டாம். மேலகரம் வரை போயிட்டு வந்துருவோம்."

அவர் முகத்தைப் பார்த்திருந்தால் வருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா நிக்காவ டீச்சர். இன்னொரு நாளைக்குப் பாப்போம்" என்றேன். பயமும் இருந்தது. அவர் பெட்டியின் மூடியை அழுத்திப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார்.

கல்யாணமாகிச் செங்கோட்டைக்குப் போனேன். கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. டீச்சரைப் பற்றி அவ்வப்போது கேள்விப்படுவேன். சனிக்கிழமைதோறும் தனியாகக் காரில் குற்றாலம் போய்வருகிறார் என்பார்கள். மாடியை வேறு யாருக்கும் விடவில்லை என்பார்கள். பாய் சொல்லிக்கொடுத்து இப்போது பட்டறை லாரிகளுக்கே வயர் மாட்டிக் கொடுக்கிறார் என்று ஒருத்தி சொன்னாள். அது மட்டும் கேட்க நன்றாக இருந்தது. ஒரு கடிதம் எழுத வேண்டுமென்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சாரல் காலம். என் மூத்த பையனுக்கு மூன்று வயது. குளித்துவிட்டுக் குற்றாலம் பஸ் நிறுத்தத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கணவர் பலாப்பழம் பார்க்கக் கடைப்பக்கம் போயிருந்தார். தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். அந்தக் கார்தான். என்னைப் பார்த்ததும் டீச்சர் நிறுத்தினார்.

தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. அவர் முழுக்க நனைந்திருந்தார். பக்கத்து இருக்கைமேல் மட்டும் ஒரு மெழுகுத்துணியைப் போர்த்தி நாலு பக்கமும் செருகியிருந்தார்.

"கை எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாருக்கு டீச்சர். சாரலுக்குக் கொஞ்சம் நோகும்."

அவர் என் பையனின் காலை ஒரு விரலால் தொட்டார். பிறகு மெழுகுத்துணியை உருவி எடுத்தார். தண்ணீரை உதறி, நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே இருக்கை காய்ந்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் ஏறியிருக்கலாம். கணவர் பஸ்ஸில் வந்துவிடுவார். தென்காசி வரைக்கும் போனாலே போதும். நான் ஒரு சொல் சொல்ல வேண்டியதுதான். டீச்சர் சொல்லட்டும் என்று எனக்கு இருந்தது. ஏன் அப்படி இருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

"பஸ் இப்ப வந்துரும் டீச்சர்" என்றேன்.

"சரி" என்றார்.

மடியிலிருந்த துணியைப் பிரித்து மறுபடியும் அந்த இருக்கைமேல் விரித்தார். நாலு மூலையையும் ஒவ்வொன்றாகச் செருகினார். பிறகு கிளம்பிப் போனார். அடுத்த வருஷம் அவருக்கு வடக்கே எங்கோ மாற்றலாகிவிட்டது. அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

அன்று பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூன்று பேரும் நன்றாக நனைந்துவிட்டோம்.